பதினாலாவது படம்

காலை வெயில் ஏறிய சன்னல் கண்ணாடியில் டாக்டர் செல்வநாயகி பழைய எக்ஸ்ரே படங்களை ஒவ்வொன்றாக ஒட்டிச் செல்போனில் எடுக்கிறாள். பீங்கான் மண் தூசி நுரையீரலை என்ன பாடு படுத்தும் என்ற அவளுடைய புத்தகத்துக்கான படங்கள். நோயாளியின் பெயர் தெரியக் கூடாது, தேவையில்லாத வெள்ளைப் புள்ளி எதுவும் இருக்கக் கூடாது என்று பதிப்பகத்தார் எழுதியிருக்கிறார்கள். முப்பது வருஷம் அவளுடைய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்த மாரிமுத்து, தன் கையாலேயே எழுதிய பெயர்களின் மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு வருகிறார். பதினாலாவது படத்தில் அவர் விரல் நின்றுவிடுகிறது. செராமிக் கம்பெனியில் மண் அரைத்து, எட்டு வருஷத்துக்கு முன்னால் மூச்சு முட்டி இறந்துபோன அவர் மனைவி திரௌபதியின் படம். விலா எலும்புகளின் நடுவே வெள்ளையாக ஒரு புள்ளி. "படம் எடுக்க ஊர்ப் பொம்பளைங்க எல்லாரையும் தாலியக் கழட்ட வெச்சீங்களே மாரிமுத்து" என்கிறாள் செல்வநாயகி. "அவகிட்ட மட்டும் வாய் வரலீங்க டாக்டரம்மா." ஈரம் சொட்டும் இதே படத்தோடு அன்று இருட்டறை வாசலில் அவர் அசடு வழிய நின்றது அவள் கண்ணுக்குள் வருகிறது. மாரிமுத்து பெயரை மூடிவிட்டு இன்னொரு துண்டு கிழிக்கிறார். "இதையும் மறைச்சிடட்டுங்களா?" அவள் டேப்பை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, படக்குறிப்பு எழுதுகிறாள்: 'நடுவில் தெரியும் வெள்ளைப் புள்ளி நோய் அல்ல. தாலி.'