ஏழாவது மெக்கானிக்

“பத்து நாளா உசிரே வரல தம்பி. ஆறு பேர் வந்து பார்த்துட்டுக் கைவிரிச்சுட்டாங்க” என்றார் லேத்காரர். லேத் பட்டறையில் முப்பது வருஷம் இரும்பு கடைந்தவர். தெருவில் அதுதான் அவர் பெயர்.

“ஏழாவதா நான் வந்துட்டேன்ல? கவலையை விடுங்க சார்” என்று சிரித்தபடி செருப்பைக் கழற்றினார் கம்ப்யூட்டர் மெக்கானிக். தெருமுனையிலிருந்தே பேசிக்கொண்டு வந்தவர், அறைக்குள் மேசையடியில் இருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்ததும் ஒரு நொடி நிறுத்தினார்.

“இது யாரோடது?”

“பொண்ணோடது.”

அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் ஒரு படம். படத்தில் பல் தெரியச் சிரிக்கும் இருபது வயதுப் பெண். மெக்கானிக் அதற்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார். பெட்டியின் முகப்பெல்லாம் தூசு. மேலே இருந்த பெரிய பட்டனைத் துணியால் துடைத்தார். பின்பக்க ஒயரை அழுத்திச் செருகினார். கீழே இருந்த சின்னப் பட்டனை அமுக்கினார்.

உள்ளே காத்தாடி சுழன்றது. பீப், பீப், பீப் என்று மூன்று முறை கத்திவிட்டு ஓய்ந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

லேத்காரர் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். கதவோரம் நின்றிருந்த அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பயப்படாதீங்கம்மா, கத்துறது நல்லதுதான். குழந்தை கத்தினா உசிரோட இருக்குன்னுதானே அர்த்தம்?”



“கத்துறத வெச்சே வியாதியைச் சொல்லிடுவீங்களா?” லேத்காரர் பக்கத்தில் வந்து குந்தினார்.

“பின்ன? கரண்ட் வந்ததும் இது நேரா வேலைக்குப் போயிடாது சார். முதல்ல தன் உடம்பைத் தானே தடவிப் பார்த்துக்கும். மூளை இருக்கா, ரேம் இருக்கா, திரை இருக்கான்னு வரிசையா எண்ணும். ரேம்ங்கிறது சாமானைப் பரப்பி வெச்சு வேலை பார்க்கிற மேசை மாதிரி. மேசையே இல்லேன்னா எங்க பரப்புறது? திரையில எழுதிச் சொல்லக்கூட அதால முடியாது. அதான் கத்துது. இந்த மாடல்ல மூணு தடவைன்னா ரேம்தான். கழட்டி, அதோட காலை ரப்பர் வெச்சுத் தேய்ச்சு, ரெண்டு பக்கமும் டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கினா எழுந்து உட்கார்ந்துக்கும்.”

“அப்ப உள்ள இருக்கிறது எதுவும் அழிஞ்சிருக்காது?”

“சேச்சே! அதெல்லாம் ஹார்டு டிஸ்க்ல பத்திரமா இருக்கும்.” ஒயரைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டுத் தகட்டின் திருகில் திருப்புளியை வைத்தார். “என்ன வேணும் உங்களுக்கு, போட்டோவா?”

“அவ ஏன் செத்தான்னு வேணும்.”

திருப்புளி அப்படியே நின்றது.

“போன மாசம் தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டா. அதுக்குக் காரணம் ஒரு ஆளுன்னு மட்டும் தெரியும். யாருன்னு தெரியல. இந்தப் பெட்டியில தடயம் ஏதாவது இருந்தா போலீஸ்ல குடுக்கணும்.”

மெக்கானிக் புறங்கையால் நெற்றியைத் துடைத்தார். “சார்... எனக்கென்னவோ டிஸ்க்கும் போயிருக்கும்னு தோணுது. கடைக்கு எடுத்துட்டுப் போயிடறேன். கூலியெல்லாம் வேண்டாம்.”

“இப்பத்தானே ரேம்னு சொன்னீங்க?”

“சில சமயம் ரெண்டும் சேர்ந்தே போகும் சார். அம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்களேன்.”

அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

“தம்பி இதுக்கு முன்னாடி நம்ம வீட்டுக்கு வந்திருக்கீங்களா?”

“இல்ல சார், இந்தத் தெருவே எனக்குப் புதுசு.”

“இந்தப் பெட்டியை?”

“சத்தியமா இல்ல. இன்னிக்குத்தான் பார்க்கிறேன்.”

லேத்காரர் சட்டைப் பைக்குள் விரலை விட்டு, சீப்பைப்போல நீளமான ஒரு பச்சைத் தகட்டை எடுத்துத் தரையில் வைத்தார். ரேம்.

“இது இல்லாமத்தான் கத்துச்சு. கழட்டினது நான். ரிப்பேருக்குக் குடுத்த இடத்துல, உள்ள இருந்த படத்தையெல்லாம் எடுத்து வெச்சுக்கிட்டு மிரட்டுறான்னு எழுதி வெச்சிருந்தா. கடை பேரைத்தான் எழுதாமப் போயிட்டா.”

அவர் மனைவி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

“வந்த ஆறு பேரும் பெரிய பட்டனை அமுக்கிப் பார்த்துட்டு, பவரே வரலன்னு போயிட்டாங்க தம்பி” என்றார் லேத்காரர். “அது எப்பவோ கெட்டுப்போய், ஒயரைச் சின்னப் பட்டனுக்கு மாத்தியிருக்குங்கிறது எங்க வீட்டைத் தவிர மாத்தினவனுக்கு மட்டும்தான் தெரியும்.”