பாலத்துக்கு வந்த விருந்தாளிகள்

சிரிப்பு வரும், அதுக்கு நான் பொறுப்பு. ஆனால் இப்பவே இல்லை. முதலில் மணல் லாரிகள் வந்து சேரட்டும்.

ஆற்றின் மேல் புதுப்பாலம் ஒன்று திறப்பு விழாவுக்குக் காத்திருந்தது. கனமான லாரிகளை மேலே நிறுத்திப் பார்க்கும் பாரச் சோதனை என்றாலே அதற்கு உதறல். "வளைஞ்சு போயிட்டா என்னை இடிச்சுடுவாங்களேண்ணே!" என்று பக்கத்துப் பழைய பாலத்திடம் புலம்பியது.

"என் மேல யானையையே நடக்கவிட்டுப் பார்த்தாங்க தம்பி!" என்று பழையது பெருமையடித்தது. புதுசுக்குப் பயம் இன்னும் கூடியது.

கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த மைனாவுக்கு எந்தக் குரலும் வரும். அது பாலம் கட்டிய இன்ஜினியரைப் போலவே கனைத்துக்கொண்டு, "சோதனை நாளைக்குத்தான்பா! இன்னைக்கு வர்ற லாரிங்க சும்மா ஆத்தைப் பார்க்க வருதுங்க" என்றது.

மணல் நிரம்பிய லாரிகள் வரிசையாக வந்து பாலத்தின் மேல் நின்றன. "வாங்க, வாங்க! எவ்வளவு நேரம் வேணும்னாலும் நின்னு பாருங்க!" என்று பாலம் நிமிர்ந்து நின்று நாள் முழுக்க உபசரித்தது. அடியில் சிலர் வளைவை அளக்கும் கருவியின் முள்ளையே முறைத்துக்கொண்டிருந்ததை அது கண்டுகொள்ளவில்லை.

லாரிகள் இறங்கிப் போனதும் நிஜ இன்ஜினியர் கத்தினார்: "பாலம் பாஸ்! விழாவுக்கு நாள் குறிங்க!"

பழைய பாலம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. புதுப்பாலம் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் திரும்பியது.

"அடப்பாவி மைனா! அப்போ இன்னைக்குத்தான் பரீட்சையா? அண்ணே... நான் தாங்கிட்டேண்ணே!"