பதினொரு படம் வீண்

"அதையெல்லாம் ஏன் உள்ளே தூக்கி வச்சே? வெளியே கொண்டா!"

பஞ்சநதம் போட்ட சத்தத்தில் காத்தாயிக்கு ஒன்றும் புரியவில்லை. நாளைக்குப் படம் எடுக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர்தான். அதனால்தான் விடிந்ததுமே வாசல் தெளித்து, கரிப்பானையை மறைத்து, கொடியில் கிடந்த பழந்துணியைச் சுருட்டி வைத்திருந்தாள். அவள் புருஷன் வீரையன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க மட்டையைக் கூட நனைத்துவிட்டான்.

"சுவரெல்லாம் புகைக்கரிங்க சின்னய்யா. படத்துல அசிங்கமா விழும்."

"விழட்டும். அந்தக் கரிதான் எனக்கு வேணும். வீரையா, மட்டையைக் கீழே போடு. பானை, முறம், துணி எல்லாம் இருந்த இடத்துலேயே இருக்கணும். அடுப்பைப் பத்த வை காத்தாயி."

பஞ்சநதம் மிராசுதார் துரைக்கண்ணுவின் தம்பி. காத்தாயியின் குடிசை நிற்பது அந்த மிராசுதார் நிலத்தில்தான். தம்பிக்கு கேமராப் பைத்தியம். ஆனால் கஞ்சப் பைத்தியம். ஒரு ரோலில் பன்னிரண்டு படம் விழும். ஒவ்வொன்றுக்கும் அரைமணி நேரம் யோசிப்பார். அண்ணன் மகள் காதுகுத்துக்கே இரண்டு படத்தோடு கேமராவை மூடியவர்.

அப்பேர்ப்பட்டவர் இன்று குடிசையைச் சுற்றிச் சுற்றி வந்து எடுத்தார். முன்பக்கம், பின்பக்கம், கரிச்சுவர், புகையும் அடுப்பு.

"இந்த முருங்கை மரம் யாரு வச்சது?"

"நான்தாங்க. மூத்தவ பொறந்த வருஷம் வச்சது. அவளுக்கே கல்யாணமாயிடுச்சு."

"அப்ப மரத்துகிட்ட போய் நில்லு."

எதிர்க்குடிசைக்காரி அம்சம் முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "போன வருஷம் நடவுப் பொம்பளைங்களைச் சேறும் சகதியுமா எடுத்து, படப் போட்டியில கோப்பை வாங்கினாரே, மறந்துட்டியா? இந்த வருஷம் உன் கரிப்பானை."

காத்தாயிக்கு வயிறு எரிந்தது. நம் கஷ்டத்தைக் காட்டி இவர் கோப்பை வாங்குவதா? இன்னொரு பயமும் இருந்தது. குடியிருக்கிற மனை குடியிருப்பவர்களுக்கே என்று சர்க்கார் புதுச் சட்டம் போட்டிருந்தது. அவளும் மனு கொடுத்திருந்தாள். வருகிற வியாழக்கிழமை விசாரணை. பெரியய்யா துரைக்கண்ணு அவள் மேல் கொலைவெறியில் இருக்கும்போது, சின்னய்யாவுக்கு இங்கே என்ன வேலை?

நினைத்து முடிக்கவில்லை, பெரியய்யாவே குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பு வழியே வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்னடா பண்றே இங்க? எத்தனை எடுத்தே?"

"பதினொண்ணு அண்ணே."

"பதினொண்ணா! ஃபிலிம் என்ன கொல்லையிலயா காய்க்குது? இப்படி வீணாக்காம வீட்டு மனுஷனை எடுத்தா என்ன?"

பஞ்சநதம் தலையைச் சொறிந்தார். "ஒண்ணு பாக்கி இருக்கு அண்ணே. இங்கேயே வெளிச்சம் நல்லா இருக்கு. அப்படியே நில்லுங்க."

துரைக்கண்ணு துண்டைச் சரிசெய்து, மீசையை நீவிக்கொண்டு நின்றார். கிளிக். அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டே போய்விட்டார்கள். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

புதன்கிழமை காத்தாயியும் வீரையனும் பக்கத்து ஊரில் களை பறித்துவிட்டுத் திரும்பியபோது குடிசை இல்லை. முருங்கை மரமும் இல்லை. அந்த இடத்தில் ஏர் ஓட்டி, தண்ணீர் பாய்ச்சியிருந்தது. பானையும் முறமும் வாய்க்கால் கரையில் கிடந்தன. காத்தாயி கரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் விசாரணை. இடத்தைப் பார்த்துவிட்டு வந்த ஆபீசர் மனுவைப் புரட்டினார்.

"குடிசை இருக்குன்னு எழுதியிருக்கியேம்மா. அங்க ஒண்ணுமே இல்லையே?"

"நேத்து வரைக்கும் இருந்துச்சுங்க சாமி. பிரிச்சுப் போட்டுட்டாங்க."

"பொய்யிங்க சார்," என்றார் துரைக்கண்ணு. "அந்த இடத்துல குடிசைங்கிற பேச்சே இருந்ததில்லை. பரம்பரையா நெல்லு விளையற நஞ்சை. வேணும்னா என் தம்பியைக் கேளுங்க."

ஊரில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நாளைக்கும் பெரியய்யா வயலில்தானே வேலை? பஞ்சநதம் எழுந்து வந்து, மேஜைமேல் ஒரு கவரை வைத்தார். காத்தாயி தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து கதையை முடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தாள்.

ஆபீசர் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். "சுவத்துல இவ்வளவு கரி. மரமும் நல்லா வளர்ந்திருக்கு. பல வருஷமாப் புழங்கின வீடுதான்."

காத்தாயி நிமிர்ந்தாள். சின்னய்யா யார் பக்கம் என்று அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

துரைக்கண்ணு தம்பியை முறைத்துவிட்டுச் சிரித்தார். "எந்த ஊர்க் குடிசைகிட்டயோ இவளை நிக்க வச்சு எடுத்திருக்கான் சார்! எல்லாக் குடிசையும் ஒரே மாதிரிதானே இருக்கும்?"

"அதுவும் சரிதான்," என்று ஆபீசர் இழுத்தார். காத்தாயிக்கு உயிரே போய்விட்டது.

ஆபீசர் கடைசிப் படத்தை எடுத்தார். படத்தைப் பார்த்தார். துரைக்கண்ணுவைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"இதே குடிசை, இதே முருங்கை மரம். வாசல்ல குடையோட மீசையை நீவிக்கிட்டு நிக்கறது நீங்கதானே?"

துரைக்கண்ணுவின் முகம் வெளுத்தது. தம்பி பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். "கூடப் பொறந்தவனாடா நீ?"

பஞ்சநதம் கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாகச் சொன்னார்.

"நீங்கதானே அண்ணே சொன்னீங்க, ஃபிலிமை வீணாக்காம வீட்டு மனுஷனை எடுன்னு."