நிறைகுடம்

குழாயடியில் பித்தளைக் குடம் விளிம்புவரை நிரம்பட்டும் என்று கபாலி குருக்கள் காத்திருந்தார்.

முக்கால் குடத்தைத் தூக்கிவிட்டு ஜெயித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு விருப்பமில்லை. சன்னிதியில் அபிஷேகத்துக்குத் தூக்கும் குடத்தில் யாரும் குறைத்து ஊற்ற மாட்டார்கள்.

வெள்ளைப் பஞ்சகச்சம் கட்டியிருந்தார். உள்ளே துணி இல்லை, பஞ்சு இல்லை, எதுவும் இல்லை. பல மாதங்களில் இன்றைக்குத்தான் அப்படி.

சமையலறை வாசலில் மங்களாம்பிகை நின்றாள். குளித்த தலையில் துண்டு இன்னும் ஈரமாக இருந்தது.

"ஏன்னா, முக்காதீங்கோ. போன மாசம் அப்படித்தான் ஆச்சு."

போன மாதம் குடம் இடுப்புக்கு வருமுன்பே, உள்ளே வைத்த துணியையும் மீறி வேட்டி நனைந்துவிட்டது.

பிராஸ்டேட்டில் புற்றுநோய் என்று சென்னையில் அறுவை சிகிச்சை செய்து சுரப்பியை எடுத்திருந்தார்கள். நோய் போயிற்று. இனி பயமில்லை என்று டாக்டர் கை குலுக்கினார். அந்தக் குலுக்கலிலேயே இரண்டு சொட்டு கசிந்தது.

இருமினால் கசிந்தது. தும்மினால் கசிந்தது. டயப்பரோடு கருவறைக்குள் போய் அண்ணாமலையாரை எப்படித் தொடுவது? யாரும் அவரை வராதே என்று சொல்லவில்லை. அவரேதான் போகவில்லை. கோயிலில் அவருடைய முறை வரும் நாட்களைத் தம்பி சோமேஷ் பார்த்துக்கொண்டான். கார்த்திகை தீபத்தன்று ஊரே மலை உச்சியைப் பார்த்துக் கும்பிட்டபோது, அவர் மொட்டை மாடியில் தனியாகக் கைகூப்பி நின்றார்.

அப்புறம்தான் பிசியோதெரபி சொல்லிக்கொடுக்கும் பூஜா வந்து சேர்ந்தாள். சிறுநீரைப் பாதியில் நிறுத்துவதுபோல் உள்ளே இழுக்க வேண்டும். பிடிக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. மெதுவாக விட வேண்டும். அவ்வளவுதான்.

குருக்களுக்கு அது பிடித்துவிட்டது. உதடு அசையாமல், எதிரே யார் உட்கார்ந்திருந்தாலும் ஜபம்போல் செய்துகொண்டே இருக்கலாம். வீட்டில் மட்டும் வாய்விட்டுச் சொல்லிச் செய்தார். இழு, பிடி, விடு.

மங்களா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, மடித்து, தைத்து வைத்திருந்தாள். வாடை போக எதில் ஊறவைப்பது, எங்கே உலர்த்தினால் பக்கத்து வீட்டுக் கண்ணில் படாது என்றெல்லாம் யாரையும் கேட்காமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டார்.

அவளோ மடி ஜாஸ்தி பார்க்கிறவள். கடைக்குப் போய்வந்தால் குளியல். வாளி தண்ணீர் தூக்கினால் குளியல். கல்யாண வீட்டில் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே கிளம்பி வந்துவிடுவாள், வந்ததும் குளியல். கிரிவலம் கூப்பிட்டால் கூட்டத்தில் யார் யாரோ மேலே படுவார்கள் என்பாள். குருக்களைவிட மாமிக்குத்தான் ஆசாரம் என்று தெருவே கேலி செய்யும். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

குடம் நிரம்பி வழிந்தது.

உள்ளே இழுத்தார். பிடித்தார். மூச்சை விட்டபடியே குடத்தைத் தூக்கினார். இடுப்புக்கு வந்தது. மார்புக்கு வந்தது. தலைக்கு மேலே உயர்த்தி, லிங்கம் இருக்க வேண்டிய இடத்தில் நின்ற துளசிச் செடியின்மேல் சீராக ஊற்றினார். காலிக் குடத்தை வைத்துவிட்டு, வேண்டுமென்றே ஓங்கி இருமினார்.

இன்னொரு தடவை இருமினார்.

குனிந்து பார்த்தார். வேட்டி அப்படியே இருந்தது.

"போன மாசம் ஒரு குடத்துக்கு ரெண்டு அபிஷேகம் ஆச்சு," என்றார். "இன்னிக்கு ஒண்ணோட நிறுத்திண்டேன்."

மங்களா சிரித்தாள்.

வாயைப் பொத்திக்கொள்கிற வழக்கமான சிரிப்பு இல்லை. தலையை அண்ணாந்து, தோள் குலுங்க, அடக்க முடியாமல் சிரித்தாள். கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு. அது எங்கே போயிற்று என்று இத்தனை காலம் அவர் தேடியதுகூட இல்லை.

சிரிப்பு சட்டென்று நின்றது.

அவள் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டாள். கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

"குளிச்சுட்டு வந்துடறேன்."

"இப்பத்தானேடி குளிச்சே?"

"மடி," என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள்.

அவள் நின்ற இடத்தில் சிமெண்டுத் தரையில் ஒரு சிறு ஈரம் இருந்தது. தலைத்துண்டிலிருந்து சொட்டியதாக இருக்கலாம் என்று அவர் ஒரு கணம் நினைக்கப் பார்த்தார்.

அம்ருதா பிறந்தது நினைவுக்கு வந்தது. ஆயுதம் போட்டுத்தான் குழந்தையை வெளியே எடுத்தார்கள். அதற்கு முன்னால் மங்களாவுக்கு இவ்வளவு மடி கிடையாது. அந்தக் குழந்தைக்கே இப்போது கல்யாணமாகி, பெங்களூரில் இருக்கிறாள்.

திண்டில் வைத்திருந்த போன் அடித்தது. சோமேஷ். முறைக்கு அண்ணா வருகிறாரா, இல்லை தானே போகட்டுமா என்று கேட்கத்தான் இருக்கும்.

"வரேன்டா. நானே வரேன். கொஞ்ச நாழி ஆகும்."

குளியலறைக் கதவருகே போய் நின்றார். உள்ளே தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. எப்படி ஆரம்பிப்பது என்று அவர் யோசிக்கவில்லை. தினமும் சொல்வதையே கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

"மங்களா. உள்ளே இழு. பிடி."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அவர் நகரவில்லை.

"மூச்சை அடக்கலை," என்றாள் உள்ளிருந்து. "மேலே சொல்லுங்கோ."