பேக்கப்பில் ஒரு குறிப்பு

கணவர் போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதம், சைக்கிள் உதிரிபாகக் கடையின் லினக்ஸ் கணினி படுத்துவிட்டது. கணக்கு மென்பொருள் திரும்பாவிட்டால் கடையை மூடவேண்டியதுதான்.

கணினி மெக்கானிக் பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுவிட்டான்.

"அண்ணன் கில்லாடி, அண்ணி. தினம் மத்தியானம் ரெண்டு மணிக்குத் தானா பேக்கப் ஆகுது, நேத்து வரைக்கும். ஆனா ஒவ்வொண்ணு பக்கத்துலயும் இருக்கிற குறிப்பு, யாராச்சும் கீபோர்டுல தட்டினாத்தான் வரும். நீங்களா எழுதுறீங்க?"

"எனக்கு பில் போடவே நாக்கு தள்ளுது. நான் எங்க எழுதறது?"

எட்டிப் பார்த்தாள். அவர் இருந்தவரை தினமும், 'சரிபார்த்தாச்சு.' அதற்குப் பிறகு தினமும், 'இவ இன்னும் சாப்பிடலை.'

அவள் கல்லாவுக்கு அருகிலிருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, வழித்துச் சாப்பிட்டாள்.

மணி இரண்டானது. மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். திரையில் புதிய வரி வந்தது.

'சரிபார்த்தாச்சு.'