மூவாயிரம் வருஷத்துப் புதைமேடு

“புதைமேடாவது மண்ணாங்கட்டியாவது. வெறும் கல்லுக் குவியல். நீ வண்டியை விடுடா,” என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினார் குவாரிக்காரர்.

மலையுச்சியில் மண் அள்ளும் இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது. அதற்கு நேர் எதிரே, கல் வட்டத்தின் நடுவே இருந்த மேட்டில் பால்காரம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். போன தடவை வைத்த வெடிக்கே அவர் வீட்டுச் சுவர் பிளந்துவிட்டது. உச்சியிலும் வெடி வைத்தால் அடிவாரத்தில் ஒரு வீடும் மிஞ்சாது.

ஆதி மனிதர்களைப் புதைத்த இடம் இது, தொடக்கூடாது என்று ஊர் மொத்தமும் சாதித்தது. தீர்ப்புச் சொல்ல வந்த தொல்லியல் அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கடுகடுத்தார்.

“எழுந்திருங்கம்மா. நாடகம் போதும்.”

குவாரிக்காரருக்கு வாயெல்லாம் பல். “அப்படிச் சொல்லுங்க மேடம். உங்களுக்கு முன்னாடி இருந்தவர் என்கிட்டயே முறைச்சார். ஒரே போன், ஆளைத் தூக்கியாச்சு. நீங்க விவரமானவங்க, பொழைச்சுக்குவீங்க.”

அதிகாரி குனிந்து, வட்டத்திலிருந்து ஒரு கல்லைப் புரட்டினார். மண்ணில் பதிந்திருந்த அடிப்பக்கம் முழுக்க வெயிலில் காய்ந்து வெளுத்த பாசி. கல்லை இருந்தபடியே வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு பால்காரம்மாவை முறைத்தார்.

“இதெல்லாம் எவ்வளவு காலமா இங்க இருக்கு?”

“எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து இருக்குங்க.”

“பொய் சொன்னா உள்ள போயிடுவீங்க, தெரியுமில்ல?”

பால்காரம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

அதிகாரி குவாரிக்காரர் பக்கம் திரும்பினார். “வண்டியைக் கீழே இறக்குங்க.”

“என்ன மேடம், விளையாடறீங்களா?”

“மூவாயிரம் வருஷத்துப் புதைமேடு. இதுல ஒரு கல் நகர்ந்தாலும் ஜாமீன் கிடைக்காது. இப்பப் போடுங்க அந்தப் போனை, பார்ப்போம்.”

குவாரிக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. “உன்னை என்ன பண்றேன் பாரு” என்று கறுவிக்கொண்டே கீழே இறங்கினார். இயந்திரமும் அவர் பின்னால் ஊர்ந்து போனது.

பால்காரம்மா கண் கலங்கிக் கும்பிட்டார். “நல்லா இருக்கணும்மா நீங்க. எங்க வயித்துல பாலை வார்த்தீங்க.”

“கும்பிடெல்லாம் அப்புறம் போடலாம்,” என்று எரிந்து விழுந்தார் அதிகாரி. வண்டிச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினார்.

“தெற்குச் சரிவு காலியாக் கிடக்கு. நாளைக்கே அங்கேயும் ரெண்டு மேடு கட்டிடுங்க.”