மாப்பிள்ளை இல்லாத நிச்சயதார்த்தம்

கல்யாண விருந்துக்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. "ஒரு ஆளை அழிக்கணும் ஆட்ரி. அங்க நின்ன தடமே தெரியக் கூடாது" என்றான் திமோத்தி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டே.

ஆட்ரி மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தாள். அக்கா ஸ்டெஃபனியைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் இப்படிக் கிசுகிசுத்து அவள் கேட்டதே இல்லை.

"யாரை அத்தான்?"

"என்னைத்தான்."

நாளை இரவு ஜொகூர் பாரு மண்டபத்தில் பெரிய திரையில் ஓடப்போகும் படத்தொகுப்பு ஆட்ரியின் பொறுப்பு. இரண்டாயிரத்துச் சொச்சம் படங்கள். முகம் பார்த்துப் பிரிக்க, நாள்வாரியாக அடுக்கித் தேதி போட, வெளிச்சம் திருத்த எந்த மென்பொருள் தோது என்று, மூன்றை இறக்கி வைத்துக்கொண்டு ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையை நீக்க எது தோது என்று மட்டும் அவள் யோசித்திருக்கவில்லை.

"உங்களை எடுத்துட்டா மீதி என்ன இருக்கும்?"

"எல்லாத்துலயும் இல்ல லா. நிச்சயதார்த்தத்து அன்னைக்கு எடுத்தது மட்டும். டெசாரு பீச் படத்துல நான் இருந்தா இருந்துட்டுப் போறேன்."

"அப்ப நிச்சயதார்த்தப் படத்தையே போடாம விட்டுடலாமே?"

"மோதிரம் போடுற படம் வரலைன்னா உங்கம்மா மண்டபத்தை ரெண்டாக்கிடுவாங்க. நீ சயன்ஸ் படிச்சவதானே, ஏதாச்சும் பண்ணு. காரணம் கேக்காதே. ஸ்டெஃபனிகிட்ட மூச்சு விடாதே."

விடிந்தால் சர்ச்சில் கல்யாணம். முந்தின நாள் ஒருவன் தன் நிச்சயதார்த்தத்தையே இல்லாமல் ஆக்கப் பார்த்தால் அதற்கு என்ன அர்த்தம்? பக்கத்து அறையில் அக்கா முகத்தில் வெள்ளரிக்காய்த் துண்டுகளை ஒட்டிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள்.

தங்காக் ஊரில், பெண் வீட்டில், ஜொகூர் மாநில விடுமுறை நாளாகப் பார்த்துத்தான் நிச்சயதார்த்தம் வைத்தார்கள். பெக்கோக்கிலிருந்துகூட ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். அத்தனை பேர் பார்க்க மோதிரம் போட்டவன் இவன்.

எப்படியாவது அவன் மனம் மாறாதா என்று மெதுவாக, இலவச மென்பொருளிலிருந்து ஆரம்பித்தாள்.

அது திமோத்தியை எடுத்துவிட்டு, காலியான இடத்தை, பக்கத்தில் நின்ற பேட்ரிசியா அத்தையை நகலெடுத்து நிரப்பியது. ஸ்டெஃபனி இப்போது வெட்கத்தோடு அத்தையின் விரலில் மோதிரம் போட்டாள். இன்னொரு பேட்ரிசியா அத்தை ஓரமாக நின்று கைதட்டினார்.

"அலமாக்! அடுத்ததைப் பாரு."

மாதச் சந்தா கேட்ட இரண்டாவது மென்பொருள் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. ஆளை முழுசாக எடுத்தது. ஆனால் ஸ்டெஃபனியின் தோளில் இருந்த கையை மட்டும் மறந்துவிட்டது.

"பேய்ப் படம் மாதிரி இருக்கு அத்தான்."

"அதைவிடு, கையில வாட்ச் தெரியுது பாரு. அதை வச்சே கண்டுபிடிச்சிடுவாரு."

"யாரு?"

"யாரும் இல்ல. மூணாவதைத் திற."

மூன்றாவது, சோதனைப் பதிப்பு. ஒரு சொடுக்கில் திமோத்தி மறைந்தான். அந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பூந்தொட்டி முளைத்தது. ஒரு படத்தில் ஸ்டெஃபனி அதற்கு மோதிரம் நீட்டினாள். அடுத்ததில் அதற்குக் கேக் ஊட்டினாள். மூன்றாவதில் அதன்மேல் சாய்ந்துகொண்டாள்.

திமோத்தியின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "இதுதான் லா! இதையே வாங்கிடு. காசு நான் தர்றேன்."

தன் இடத்தில் ஒரு பூந்தொட்டியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படும் மாப்பிள்ளையை ஆட்ரி கண்டதில்லை. யாரையும் எதிர்த்துப் பேசிப் பழகாதவள் அவள். மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வாங்க மாட்டேன்! எங்க அக்காவை விட்டுட்டு ஓடத்தானே பாக்குறீங்க?"

அவள் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்து அறையில் பாட்டு நின்றது. கன்னத்தில் ஒரே ஒரு வெள்ளரித் துண்டோடு ஸ்டெஃபனி வாசலில் வந்து நின்றாள். தங்கையிடமிருந்து மடிக்கணினியை வாங்கித் திரையைப் பார்த்தாள்.

"இந்தத் தொட்டி ஏது? நம்ம வீட்டுல இல்லையே."

"அதுதான் அக்கா... அத்தான்" என்றாள் ஆட்ரி, அழுகையை அடக்கிக்கொண்டு. "அவரே அழிக்கச் சொன்னாரு."

ஸ்டெஃபனி கன்னத்துத் துண்டை மெல்ல எடுத்து மேசையில் வைத்தாள். "என்னைப் பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க திமோத்தி. நாளைக்கு சர்ச்ல அத்தனை பேர் முன்னால வேணாம்." மோதிரத்தைத் திருக ஆரம்பித்தாள்.

"ஐயோ, கழட்டாதே!" திமோத்தி பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "பிடிக்காம இல்ல ஸ்டெஃபனி. நாளைக்கு என் பாஸ் வர்றாரு. சிங்கப்பூர்லேர்ந்து. முதல் மேசையில உட்காருவாரு."

"உட்காரட்டுமே. அவரு வர்றதுக்கும் நீங்க தொட்டியானதுக்கும் என்ன?"

திமோத்தி அக்காவையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நிச்சயதார்த்தத்து அன்னைக்கு ஜொகூருக்குத்தான் லீவு, சிங்கப்பூருக்கு இல்ல. எனக்குப் பயங்கர வயித்துப்போக்குன்னு டாக்டர்கிட்ட எம்சி வாங்கி ஆபீஸ்ல குடுத்துட்டு வந்தேன்!"